மேல்காற்று, கீழ்காற்று

பணகுடியிலிருந்து திருவனந்தபுரம்
தொண்ணூறு கிலோமீட்டர்.
நேற்று இரவு அதற்கு நாலு மணி நேரம்.
மார்த்தாண்டத்தில் ஒரு கல்யாண ஊர்வலம்,
பாலராமபுரத்தில் லாரி ஒன்று
சாலைக்குக் குறுக்கே நின்று
யோசித்துக்கொண்டிருந்தது.
பிரிசில்லா கைப்பைக்குள் விரலை விட்டு
பாஸ்போர்ட்டை மூன்று தடவை தொட்டுப் பார்த்தாள்.
என்னை ஒரு தடவை.

அங்கிருந்து தோகா மூவாயிரம்.
அதற்கும் நாலரை மணிதான்.
ஆகாயத்தில் கல்யாண ஊர்வலம் வராது.

தோகாவிலிருந்து டப்ளின்
ஐயாயிரத்துத் தொள்ளாயிரம் சொச்சம்.
போக ஏழே முக்கால், வர ஏழு.
ஒரே தூரத்துக்கு எப்படி ரெண்டு கணக்கு என்று
டிக்கெட் போட்டுத் தந்த மைதீன்பிச்சையிடம் கேட்டேன்.
"எதுத்தகாத்து அண்ணாச்சி.
ஒங்களுக்கா நாஞ் சொல்லணும்?"

எனக்குச் சொல்ல வேண்டாம்தான்.
காலையில் ராதாபுரம் போகும்போது
வண்டியை யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளுவார்கள்.
சாயங்காலம் அதே ரோட்டில்
தாடை ஹேண்டில்பாரைத் தொடக் குனிந்து
ஆரல்வாய்மொழிக் கணவாய் அவிழ்த்துவிட்டதோடு
மல்லுக்கட்டி வர வேண்டும்.
பத்து நிமிடம் கூட.
பெட்ரோலும் கூட.

அதனால்தான்
ஆடியில் அவள் லீவு முடிவது
ஒருவகையில் நல்லது என்று நினைத்திருந்தேன்.
மேற்கே போகிறவளை
மேல்காற்று கொஞ்சம் பிடித்து நிறுத்தும்.
இருபது நிமிடம் என்றாலும்
அது என் பக்கத்துக் காற்று,
பதினாறு வருஷமாக
எனக்குச் சம்பளம் தருகிற காற்று.

மாற்றாள் இல்லை. தூங்காமல் வந்து ஏறினேன்.
நாற்பத்தேழாம் நம்பர் மில்,
எண்பது மீட்டர்.
காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து
தலையைத் திருப்புகிற மோட்டார் செத்துப்போய்
நேற்றிலிருந்து அது
வடக்கே வெறித்துக்கொண்டு நிற்கிறது.
இறக்கையைப் பூட்டிவிட்டு
கிரீஸ் கையோடு நானும் இசக்கிராஜும்.
கீழே பனைகள்
எல்லாம் ஒரே பக்கம் தலைசீவி விட்டிருந்தன.

ரெண்டு மணி சுமாருக்கு போன் அதிர்ந்தது.
"எறங்கிட்டோம். இருவது நிமிஷம் முன்னாடியே.
பின்னாடி நல்ல காத்தாம், பைலட் சொன்னாரு.
சாப்டீங்களா?"

பின்னாலா?
மேற்கே போகிற பிளேனுக்கு, ஆடியில்?

இசக்கிராஜ் ஸ்பானரைக் கீழே வைக்காமல் சொன்னான்:
"ஆமாண்ணே. அவ்வளவு ஒசரத்துல
இந்த மாசம் கீழ்காத்துதான்.
டிப்ளமோல படிச்சிருக்கேன்."

கீழே மேல்காற்று.
மேலே கீழ்காற்று.
ரெண்டு தடவை சொல்லிப் பார்த்தேன்.
இத்தனை வருஷம் எண்பது மீட்டரில் நின்றுகொண்டு
மேலே இருப்பதாக நினைத்திருக்கிறேன்.

சாப்பிட்டேன் என்று அனுப்பினேன்.
சாப்பிடவில்லை.

மூன்றரைக்குப் புது மோட்டார் பிடித்துக்கொண்டது.
அத்தனை டன் தலையும்
கழுத்து நெறிந்த ஆள் மாதிரி முனகி
மெல்ல மெல்ல மேற்கே திரும்பி
நின்றது.
"கரெக்டா வந்துட்டுல்லா?" என்றான் இசக்கிராஜ்.
வந்துட்டு என்றேன்.

ஆறு மணி ரோடு.
கண்ணில் மண்.
போன் சட்டைப்பையில் இருக்கிறது,
பார்க்காமலே தெரியும்:
இந்நேரம் பாக்தாத் பக்கம் போயிருப்பாள்.
அதற்கு அப்பால், மைதீன்பிச்சை சொன்ன மாதிரி,
எதிர்காற்று.
அவளுக்கும்.

பணகுடி ரயில்வே கேட் சாத்தியிருந்தது.
இஞ்சினை அணைத்துவிட்டு நின்றேன்.
எனக்கு இன்னும் ஒண்ணரை கிலோமீட்டர்.